கீமோ நடக்கும்போது திப்பிலிப் பொடி கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ போய்க்கொண்டிருக்கிறது. திப்பிலியில் இருக்கும் ஒரு பொருள் புற்றுநோய் செல்களை மட்டும் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தினமும் ஒரு ஸ்பூன் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கீமோ முடியும்வரை வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வந்த செய்தி முழுக் கட்டுக்கதை இல்லை. திப்பிலியில் பைப்பர்லாங்குமின் என்றொரு பொருள் உண்டு. ஓயாமல் பெருகும் புற்றுநோய் செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் கழிவுகள் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளை வைத்து அது சமாளிக்கிறது. பைப்பர்லாங்குமின் அந்தக் கையிருப்பைக் குறைக்கிறது. விளிம்புவரை நிரம்பிய குடத்தில் இன்னொரு சொம்பு ஊற்றிய கதைதான்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நல்ல செல்லின் குடத்தில் இன்னும் இடமிருப்பதால் அது பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பொருளைப் பிரபலமாக்கியது 2011-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை. 2018-ல் அது திரும்பப் பெறப்பட்டது. வேறு ஆய்வகங்களும் இதே விளைவைப் பார்த்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும்தான். தட்டில் மருந்து நேராக செல்லின் மேல் படுகிறது. விழுங்கிய பொடியோ குடலையும் கல்லீரலையும் தாண்டியல்லவா கட்டிக்குப் போகவேண்டும்!

என் பெரிய கவலை வேறு. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் திப்பிலியிலும் இருக்கிறது. உடல் மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் வழிகளை அது அடைக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் 2 கிராமோடு வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்குமின் 2,000 சதவீதம் கூடியதாக 1998-ல் வெளியான பெங்களூரு ஆய்வு காட்டியது. டோசெடாக்செல் போன்ற கீமோ மருந்தின் அளவு கொஞ்சம் ஏறினாலே வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.

‘இயற்கைப் பொருள்தானே’ என்று உறவினர்கள் சொல்வார்கள். சிவப்பு ஊசி என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசினும் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தந்ததுதான். ஆக்சிஜன் கழிவுகளைக் கூட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் எக்கோ பார்த்து, அளவு கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

சரி, மிளகு ரசம்? சமையல் அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். வாய்ப்புண் இருந்தால் மட்டும் காரம் குறையுங்கள். சளிக்காகத் திப்பிலி சேர்ந்த சூரணமோ லேகியமோ வீட்டில் இருந்தால், அடுத்த கீமோவுக்குப் போகும்போது டப்பாவையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.