டோனர் முறையில் பிசிபி செய்யும்போது கோடுகள் ஏன் பிய்ந்து வருகின்றன?

செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை செய்ய, லேசர் பிரிண்டரில் தாளில் எடுத்த சுற்றுப்படத்தைச் செம்பு பூசிய பலகைமேல் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துவிட்டுத் தாளை உரித்தால், பாதி டோனர் தாளோடு வந்துவிடுகிறது என்று. உரிப்பதே தப்பு, அதை முதலில் நிறுத்துங்கள். பலகை ஆறியதும் தண்ணீரில் ஊறப்போடுங்கள். தாள் கூழானபின் கட்டைவிரலால் மெல்ல உருட்டி எடுத்தால் போதும்.

டோனர் என்பது மையல்ல, கறுப்பு நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும். அது மூடிய இடத்தை விட்டுவிட்டு மற்றச் செம்பை ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனக் கரைசல் கரைத்துவிடும். இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு உதவாது.

அடுத்த சந்தேகம் செம்பின் மேல். விரல் பட்ட எண்ணெய்ப்பசை இருந்தாலே டோனர் சரியாகப் பிடிக்காது. பச்சை ஸ்க்ரப்பரால் செம்பு பளிச்சென்று ஆகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பசை இருக்கிறது. பரப்பு முழுக்க மெல்லிய ஏடாகப் படர்ந்தால் சுத்தம்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று உண்டு. ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் மாதங்களில் தாள் நமுத்துப்போகும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி டோனரை ஒட்டவிடாது. பளபளப்பான தாளை நன்றாக உலர்த்தியபின் பிரிண்ட் எடுங்கள். இஸ்திரிப்பெட்டியிலும் நீராவி வேண்டாம்; பருத்திக்கான சூட்டில் ஓரங்களை விடாமல் அழுத்துங்கள்.

விட்டுப்போன கோட்டைப் பெர்மனென்ட் மார்க்கரால் இழுத்துக்கொள்ளலாம். கரைசலுக்குப் பிளாஸ்டிக் தட்டுதான், எவர்சில்வர் கூடவே கூடாது. கையுறை கட்டாயம். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கும், தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள்.