40 மீட்டரில் சூடு கூடுவது சென்சார் கோளாறு இல்லை

வங்காள விரிகுடாவின் வடக்கே எடுத்த ஜனவரி மாத ஆர்கோ மிதவைத் (கடலில் மூழ்கி எழுந்து ஆழவாரியாக வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் தானியங்கிக் கருவி) தரவில், மேற்பரப்பைவிட 40 மீட்டர் ஆழத்தில் ஒரு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது, சென்சார் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிகளை அழித்துவிடாதீர்கள், குளிர்காலத்தில் அங்கே இது சகஜம்தான். மேலே சூடு, கீழே குளிர் என்று பாடப்புத்தகத்தில் வழுவழுவென ஒரு கோடு போட்டு நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய அடுக்காகப் பரவிக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றில் அது ஆறினாலும், உப்பு குறைவு என்பதால் அடியில் இருக்கும் நீரைவிட லேசாகவே இருக்கும், அதனால் மூழ்காது, கீழே உள்ள சூடு அப்படியே மாட்டிக்கொள்கிறது. வெப்பநிலையை மட்டும் வரைந்தால் இது தெரியவே தெரியாது. அதே மிதவையின் உப்புத்தன்மையையும் எடுத்து, இரண்டையும் வைத்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஆழம் கூடக்கூட அடர்த்தியும் கூடினால் கவலை வேண்டாம், அது தலைகீழாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தரவில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தரக்குறியீடு இருக்கும், அது 1 (நல்ல தரவு) என்று உள்ள அளவுகளை மட்டும் எடுங்கள்.

அப்புறம், 100 மீட்டரைத் தாண்டினால் வெப்பநிலை வழக்கம்போல மடமடவென்று இறங்கி, 1000 மீட்டரில் 6, 7 டிகிரிக்கு வந்திருக்கும், பாருங்கள்.