பிப் வேஷத்துக்கு பார்ட்டா, லிசாவா?

கேள்வி: டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலை அமெரிக்க கார்ட்டூன் சிம்ப்சன்ஸ் கேரக்டர்களை வச்சு ஃபேன் ஃபிக்ஷனா, அதாவது ரசிகை எழுதற கதையா, எழுதிட்டு இருக்கேன். அந்த வீட்டு வாலுப் பையன் பார்ட்தான் நாவலோட ஹீரோ பிப். சில அத்தியாயம் ஓடிடுச்சு, ஆனா படிச்சா பேரை மட்டும் மாத்தின நாவல் மாதிரியே இருக்கு, சிரிப்பும் வரல. எங்க இடிக்குது சார்?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: பார்ட்லதான் இடிக்குதும்மா. அவன் யாரைப் பார்த்தும் கூச்சப்படாத பையன், பிப்போட கதையே கூச்சம்தானே. வளர்த்த மனுஷன் ஜோ ஒரு கொல்லன், படிப்பு கிடையாது, நாலு பேர் முன்னாடி அவர்கூட நிக்கவே பிப்புக்கு வெட்கமா இருக்கு, வெட்கப்படறோமேன்னு குற்ற உணர்ச்சி வேற. சிம்ப்சன்ஸ் வீட்ல இப்படித் தவிக்கிற ஆள் பார்ட்டோட தங்கச்சி லிசா ஒருத்திதான். அப்பா ஹோமர் மேல உயிரையே வச்சிருக்கா, அதே சமயம் இந்த ஊரை விட்டு எப்படா போவோம்னு இருக்கா. 1995ல வந்த லிசாஸ் வெட்டிங் எபிசோடை இன்னொரு தடவை பாருங்க, அவ கட்டிக்கப் போற இங்கிலீஷ்கார மாப்பிள்ளைக்கு ஹோமர் ஆசையா பன்னி பொம்மை போட்ட கஃப்லிங்க்ஸ் (சட்டைக் கையில மாட்டற பட்டன்) குடுப்பாரு, அவன் அதைப் போட்டுக்க மாட்டான், அந்த இடத்துல லிசா முகம் போற போக்கைப் பாருங்க. பிப்பும் ஜோவும் அங்கயே இருக்காங்க.

ஆள் மாறினா சீனும் தானா மாறும், நீங்க விட்டுக் குடுக்கணும், அவ்வளவுதான். நாவல் ஆரம்பத்துல சதுப்பு நிலத்துல ஒளிஞ்சிருக்கற கைதிக்காக பிப் வீட்லேருந்து போர்க் பையை, அதாவது மாவுக்குள்ள பன்னிக்கறி வச்சு சுட்ட பண்டத்தை, திருடிட்டுப் போவான் இல்லையா, லிசாவோ அதே 1995லேருந்து சுத்த சைவம், அவ எப்படி போர்க் பையைத் தொடுவா? ஓடி வந்த கைதியா சிம்ப்சன்ஸ்ல வர்ற திருடன் ஸ்நேக்கைப் போடுங்க, அவனுக்கு ராத்திரி குளிர்ல டோஃபுவை, அதான் சோயா பனீரை, கொண்டு போய் நீட்டுவா, அவன் கால் விலங்கோட உக்காந்து அதை மோந்து பார்த்துட்டு ஜெயில் சாப்பாடே தேவலைன்னு அழுவான். அந்தப் பக்கம் வீட்ல போர்க் பை காணோம்னு ஒரே கலாட்டா, லிசாதான் எடுத்துட்டான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, பார்த்தா ஹோமர் முந்தின நாளே முழுங்கிட்டாரு! டிக்கன்ஸ்ல இது எதுவும் கிடையாது, ஆனா குத்தமே செய்யாத இடத்துலயும் குழந்தை மனசு பயந்து சாகுதே, அந்த பயம் அப்படியே அவரோடது. அது மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது.

அப்புறம் பெரிய மனுஷனாகி லண்டன்ல இருக்கற பிப்பைப் பார்க்க ஜோ வர்ற 27ஆம் அத்தியாயம், அதை தயவுசெஞ்சு ரெண்டு வரியில தாண்டிப் போயிடாதீங்க. தொப்பியை எங்க வைக்கறதுன்னு தெரியாம கணப்பு மேடை ஓரத்துல வைப்பாரு, அது விழும், பாய்ஞ்சு புடிப்பாரு, திரும்ப வைப்பாரு, திரும்ப விழும், கடைசியில மிச்ச டீ கொட்டற பாத்திரத்துலயே போய் விழுந்துடும். கார்ட்டூனுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு, எழுதினது என்னவோ 1861ல. தான் வளர்த்த பையனையே நடுநடுவுல "சார்"னு கூப்பிடுவாரு. ஹோமர் டை கட்டிக்கிட்டு லிசா ரூமுக்கு வந்து டோனட் டப்பாவை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிச்சு, பொண்ணைப் பார்த்து "மேடம்"னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சிரிச்சுட்டு இருக்கறவங்களுக்கு தொண்டை அடைக்கும், அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நாவல்ல வர்ற பணக்காரக் கிழவி மிஸ் ஹாவிஷமுக்கு ஹோமரோட முதலாளி பர்ன்ஸ் போதும், பூட்டின மாளிகை, பழைய பணம், எல்லாம் ரெடியா இருக்கு. பிப்போட அக்காவுக்கு லிசாவோட அம்மா மார்ஜைப் போடவே போடாதீங்க, அந்தப் பொம்பளை பிரம்பெடுத்து அடிக்கறவ, மார்ஜுக்கு அந்த சுபாவமே இல்ல. மார்ஜோட அக்காங்க பேட்டியும் செல்மாவும் எதுக்கு இருக்காங்க?

கேள்வி: கார்ட்டூன்ல யாருக்கும் வயசே ஆகாது, நாவல்ல பிப் வளர்ந்துடறான். முடிவை எப்படி வைக்கறது?
- அதே வாசகி

பதில்: வளர விடுங்க. இத்தனை வருஷமா லிசாவுக்கு எட்டு வயசுதான், டிவியில எதிர்காலக் கதைன்னு எப்பவாவது வளர்த்துக் காட்டினாலும் அடுத்த வாரம் பழையபடி சோஃபாவுல உக்கார வச்சுடுவாங்க, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. டிக்கன்ஸே முதல்ல எழுதின சோக முடிவை நண்பரும் எழுத்தாளருமான புல்வர் லிட்டன் சொன்னாருன்னு மாத்தினவர்தான், ரெண்டையும் படிச்சுப் பாருங்க. எனக்கு முதல் முடிவுதான் புடிக்கும், பிப்பும் அவன் காதலிச்ச எஸ்டெல்லாவும் லண்டன் தெருவுல பார்த்துக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் பிரிஞ்சு போயிடுவாங்க. ஆனா உங்க கதையில கடைசி சீன் காதலுக்குப் போக வேணாம், லிசா ஹோமர்கிட்ட திரும்பி வர்ற இடத்தோட நிறுத்திடுங்க.

கேள்வி: காப்பிரைட் பிரச்சனை வருமா?
- இன்னொரு வாசகர், மதுரை

பதில்: டிக்கன்ஸ் இறந்தது 1870, அவர் நாவலை யார் வேணா எடுத்தாளலாம். தமிழ் மொழிபெயர்ப்புலேருந்து வரிகளை அப்படியே எடுத்தா மட்டும் ஜாக்கிரதை, மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. சிம்ப்சன்ஸ் கேரக்டர்கள் இப்போ டிஸ்னி கையில இருக்கு, அதனால புக்கா போட்டு விக்கற எண்ணம் இருந்தா பேரு, ஊரு, உருவம் எல்லாத்தையும் சொந்தமா மாத்திட்டு அப்புறம் இறங்குங்க.