வீடு மாறும்போது தீவனத்தையும் மாற்றாதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் கோவையிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறோம். சென்ற முறை வீடு மாறியபோது எங்கள் 4 வயது லேப்ரடாருக்கு ஐந்து நாள் பேதி. ‘வயிற்றுக்கு இதமான’ தீவனம் என்று ஒன்றைக் காட்டி, இப்போதே மாறச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இப்போது சாப்பிடுவதையே அதே தட்டில், அதே நேரத்தில் கொடுங்கள். மூன்று வாரத்துக்கு வேண்டியதை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அங்கே பழகிய பிறகு, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று 7 முதல் 10 நாளில் மாற்றலாம். சாக்கைப் பிரித்து லூஸில் விற்பதை மட்டும் தொடாதீர்கள். அது எப்போது காலாவதியாகும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

வீடு மாறும் நாய்க்கு வருவது பெரும்பாலும் மிரட்சியால் வரும் பேதி. சளி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகும். பொதுவாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் பெயரைச் சொல்வார், மருந்துக்கடையிலும் சீட்டு கேட்காமல் தருவார்கள். சீட்டு வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, இருந்து என்ன? குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அந்த மருந்து அழிக்கும். அவை மீள வாரக்கணக்கில் ஆகும்.

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாய், சென்னை போர் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடலாம். முதல் சில நாள் கேன் தண்ணீர் வையுங்கள்.

புறப்படுவதற்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். வண்டி ஏஜென்ட் ‘தூக்க மாத்திரை’ நீட்டினால் வாங்காதீர்கள். அரைமயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். நாயைப் பார்க்காமலே உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வதும் இதே ஆட்கள்தான். அப்படியும் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

வளர்ந்த நாய் புது இடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தொடாவிட்டால் பதற வேண்டாம். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பூனை வைத்திருப்பவர்களும் காத்திருந்துவிடக் கூடாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேரும். ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, பசித்தால் வரும் என்று விட்டு, நான்காம் நாள் தூக்கி வருகிறார்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பால் காய்ச்சும் நாளில் நாயை ஓர் அறையில் விட்டு, ஒருவரைத் துணைக்கு வையுங்கள். பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வடையில் இருக்கும் வெங்காயம் ரத்த அணுக்களை. ஆசையாக ஊட்டிவிடுவது விருந்தாளிகள்தான்.

நாயின் பேதி மூன்று நாளிலும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தமாகப் போனாலோ, வாந்தியோடு சோர்ந்து படுத்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். சென்னையில் வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவர் இரவிலும் பார்ப்பார் என்று போகும் முன்பே விசாரித்து வையுங்கள்.