வாசகர் கேள்வி: ஒற்றைக் கை நண்டு

கேள்வி: பிச்சாவரம் போயிருந்தோம். தண்ணீர் வடிந்த சேற்றில் சின்ன நண்டுகள் ஒற்றைக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. எங்கள் ஊர் வாய்க்கால் நண்டு இப்படிச் செய்வதில்லையே, ஏன்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: கூப்பிட்டது உங்களை இல்லை, அம்மா. அது பெண் தேடுகிறது! பிடில் நண்டு என்பார்கள். ஆணுக்கு மட்டும்தான் ஒரு கொடுக்கு அப்படிப் பெருத்திருக்கும். அதை ஆட்டலாம், சண்டைக்கு நீட்டலாம், சாப்பிட உதவாது. பாவம், சின்னக் கையாலேயே சேற்றை அள்ளி வாயில் போட்டு, அதிலுள்ள பாசியையும் மட்கிய துணுக்கையும் வடித்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டித் துப்பிவிடும். வளையைச் சுற்றி மிளகு மிளகாகக் கிடந்ததைப் பார்த்தீர்களா? நம் களி உருண்டையின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும்.

கடல் ஏறும் நேரம் வந்தால் வளைக்குள் போய், வளையின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். மூச்சு செவுளில்தான்; அது காயாமல் இருந்தால் வெளியே உலாவலாம்.

நம் வாய்க்கால் நண்டு வேறு சாதி. சிறுவயதில் கிருஷ்ணகிரி அணை வாய்க்கால் வரப்பில் வளைக்குள் கைவிட்டு, விரல் வீங்கி வீட்டுக்குப் போனவன் நான். அப்புறம் ஒருநாள் தாய் நண்டின் வயிற்று மடிப்பை விரித்தால், உள்ளே கடுகுபோலக் குட்டிகள், காலோடும் கொடுக்கோடும். பிடில் நண்டோ முட்டை பொரியும் சமயம் குஞ்சுகளை அலையோடு கடலுக்கு அனுப்பிவிடும். அவை நண்டு உருவம் எடுப்பதே பல வாரம் மிதந்த பிறகுதான்.