முப்பது பவுண்டு போதும்

அன்புள்ள சார்,

வணக்கம். துவாரகாவில் இருக்கிறேன், குருகிராமில் ஐடி வேலை. வயது 43, உயரம் 5 அடி 6 அங்குலம். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். சின்ன வயதில் ஆடி மாதம் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவில் வில் போட்டி பார்த்ததிலிருந்தே வில் மேல் ஆசை. இப்போதுதான் கைகூடியிருக்கிறது. ஒரு கிளப்பில் சில மாதங்களாகப் பழகுகிறேன். அங்கே கொடுத்திருப்பது 24 பவுண்டு இழுவைக் கனமுள்ள ரிகர்வ், நுனிகள் முன்பக்கம் வளைந்த வில். சொந்தமாக ஒரு பாரம்பரிய வில் வாங்க வேண்டும். மனதில் இருப்பது துருக்கிய பாணிக் குதிரைவில், 45 பவுண்டு. கொம்பும் நரம்பும் வைத்துச் செய்த அசல் வில்லே கிடைத்தால் இன்னும் நல்லது. கிளப்பில் காம்பவுண்ட் வைத்திருப்பவர்கள், "நாங்க அம்பது பவுண்டு இழுக்கிறோம், நாற்பத்தஞ்சு ஒண்ணும் பெரிசில்ல. ஆனா குறிபார்க்கிற சைட் இல்லாத வில்லை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்கிறார்கள். எதை வாங்கலாம்?

கே., துவாரகா

அன்புள்ள கே.,

நாற்பத்தைந்து வேண்டாம். முப்பது, மிஞ்சிப்போனால் முப்பத்திரண்டு. இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். எந்த வகை வில், எந்த மரம், எந்த நாட்டுப் பாணி என்பதையெல்லாம் உங்கள் ஆசைக்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் உங்கள் கிளப் நண்பர்களின் ஐம்பது பவுண்டைப் பார்த்துவிடுவோம். காம்பவுண்ட் வில்லில் இரண்டு முனையிலும் கேம் சக்கரம் இருக்கிறது. இழுக்கும் வழியில் ஓரிடத்தில் ஐம்பதைத் தொட்டுவிட்டு, முழுதாக இழுத்து முடித்ததும் பாரம் எழுபது எண்பது சதவீதம் குறைந்துவிடும். குறிபார்க்கிற நேரத்தில் அவர்கள் கையில் நிற்பது பத்து, பதினைந்து பவுண்டுதான். பாரம்பரிய வில்லில் இது நேர் தலைகீழ். இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும், நிதானமாக நிற்க வேண்டிய கடைசி அங்குலத்தில்தான் முழுப் பாரமும் வந்து உட்காரும். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணை இந்த வில்லுக்குக் கொண்டுவர முடியாது.

அப்புறம், வில்லின் மேல் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வருகிற கணக்கு. நீங்கள் 28 இழுப்பீர்களா? இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, இரண்டரையால் வகுங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கை விரிப்பும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 66 அங்குலம் என்றால் இழுப்பு நீளம் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். முப்பது பவுண்டு வில்லில் ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். ஆகவே 30 என்று எழுதிய வில் உங்கள் கையில் 27 போலத்தான் இருக்கும். கிளப்பில் 24 என்று எழுதியிருப்பதும் உங்களுக்கு 21, 22தான். அங்கிருந்து 27 ஏறுவதற்குள்ளேயே முதுகுக்கு நல்ல வேலை இருக்கிறது.

கனமான வில்லால் தோள் கெட்டுப்போகும் என்பது தெரிந்த விஷயம்தான். நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தாங்க முடியாத வில்லை இழுக்கிறவர் முழுதாக இழுத்து நிற்பதே இல்லை. தாடை வரை வர வேண்டிய கை இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும், அம்பு தானாகக் கழன்று ஓடும். வில்லில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது முழு இழுப்பில் நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில் இருக்கிறது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்கி வருவது தெரியும், விரல் கடைவாயோரம் வந்து பதியும், கண் இலக்கை விட்டு நகராது. நாண் போவதை நாம் செய்ததாகவே தோன்றாது. கனமான வில் வாங்குகிறவர் காசு கொடுத்து இதைத்தான் இழக்கிறார். கடையிலோ நண்பரிடமோ வில்லை இழுத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்து மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள். நடுக்கம் வந்தால் அந்த வில் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. திரும்பவும் மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும். அம்பு இல்லாமல் நாணை விட்டால், அம்புக்குப் போக வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்குள்ளேயே பாய்ந்து, வளைகிற அதன் தண்டு பிளந்துவிடும்.

அந்தக் காலத்து வீரர்கள் நூறு பவுண்டு இழுத்தார்களே என்று அடுத்து கேட்பீர்கள். இழுத்தார்கள்தான். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர லாங்போக்கள், அதாவது நெட்டை வில்கள், கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை நூறு பவுண்டைத் தாண்டியவை என்று கணித்திருக்கிறார்கள். அவர்கள் சிறுவயதிலிருந்தே வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏற்றி வளர்ந்தவர்கள். நீங்களும் அதே முறையில் ஏறலாமே. தாராளமாக இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு முப்பத்தைந்துக்குப் போங்கள். நாற்பத்தைந்து வேண்டுமா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சரி, இனி குதிரைவில்.

ஆசைப்பட்டதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. சுவரில் தொங்கும்போதே எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிற வில்லைத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அதை வைத்துப் பழகமாட்டோம். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். குதிரைவில் குட்டை, பெரும்பாலும் 48 முதல் 56 அங்குலம். அத்தனை குட்டையான வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடியும். கிளப்பில் சொல்லிக் கொடுத்த மூன்று விரல் பிடியில் மேல் விரலையும் கீழ் விரலையும் அது நசுக்கும். துருக்கி, மங்கோலியா, கொரியா, சீனா என்று குட்டை வில்லும் குதிரையும் இருந்த பல இடங்களில் கட்டைவிரலால் இழுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டைவிரலை நாணில் மாட்டி ஆள்காட்டி விரலால் அதை அமர்த்திப் பிடிப்பார்கள். நாண் பட்டு விரல் புண்ணாகாமலிருக்க ஒரு வளையம். செங்கோட்டையைக் கட்டிய ஷாஜகானின் பச்சைக்கல் வில்வளையம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே குதிரைவில் வாங்கினால் கட்டைவிரல் இழுப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். மூன்று விரல் பழக்கம் அங்கே உதவாது, அம்பு நிற்கும் பக்கமே மாறிவிடும். வலக்கைக்காரருக்கு அம்பு வில்லின் வலது பக்கம், இடக்கைக் கட்டைவிரலின் மேல் உட்காரும். காதைத் தாண்டி இழுக்கும் பாணி என்றால் இழுப்பும் இரண்டு மூன்று அங்குலம் நீளும், அதோடு பாரமும் ஏறும். முப்பது என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் தாங்கும் என்று விற்பவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று, குதிரைவில்லில் அம்பு வைக்கும் தட்டு கிடையாது. கைமேலேயே வைத்து விட வேண்டும். அம்பின் இறகை உற்றுப் பாருங்கள். அம்புத் தண்டில் ஒட்டியிருக்கும் இறகுக் காம்பின் முன்முனை கொஞ்சம் தூக்கலாக, கூராக இருக்கும். அம்பு கிளம்பும்போது அந்த நுனிதான் உங்கள் கையை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு அம்புக்கும் அதே இடத்தில் கீறும், கொஞ்ச நேரத்தில் ரத்தம் வரும். மெல்லிய நூலை அந்த முனையின் மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை விட்டு, விரலால் நீவி வழவழப்பாக்கிவிடுங்கள். கைக்கு மெல்லிய தோலுறையும் நல்லது. பிளாஸ்டிக் இறகு வேண்டவே வேண்டாம். மடங்கிக் கொடுக்காமல் வில்லில் முட்டி அம்பைத் திருப்பிவிடும்.

இப்போது பழகும் மூன்று விரல் பிடியையே தொடர விருப்பம் என்றால் 62 அங்குலத்துக்குக் குறையாத மர ரிகர்வ் வாங்குங்கள், மூன்றாகக் கழற்றி மாட்டுகிற டேக்டவுன் வகை. பின்னாளில் கனம் ஏற்ற வேண்டுமானால் தண்டுகளை மட்டும் மாற்றினால் போதும், பிடி அப்படியே இருக்கும். மெட்ரோவில் ஒரு பைக்குள் அடங்கும். எனக்குப் பிடித்தது லாங்போதான். நீளம் அதிகம், வேகம் குறைவு, சின்னப் பிழைகளை அது பெரிதுபடுத்துவதும் இல்லை. ஆனால் உங்களுக்கு என் ருசி எதற்கு?

கொம்பு வில்லை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உள்ளே மரமோ மூங்கிலோ, இழுப்பவரைப் பார்த்த வயிற்றுப் பக்கம் எருமைக்கொம்பு, இலக்கைப் பார்த்த முதுகுப் பக்கம் விலங்கின் தசைநார், மூன்றையும் பிடித்து வைப்பது விலங்குப் பசை. மனிதன் செய்த பொருட்களில் இத்தனை புத்திசாலித்தனமானது குறைவு என்பேன். ஆனால் அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் டெல்லிக் காற்று எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முகலாயர் காலத்து வில்கலைஞர்கள் மேலே வண்ணமும் மெருகும் பூசிக் காப்பாற்றப் பார்த்தார்கள். இந்தியாவில் முழுக்க எஃகாலேயே வில் செய்ததும் இந்த ஈரத்தால்தான் என்பார்கள். ஆயுதச் சாலையில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் எடுத்தவுடன் உபயோகிக்கலாம், கொம்பு வில்லின் துள்ளல் மட்டும் அதில் வராது. கொம்பு வில்லுக்கு நாண் ஏற்றுவதே தனி வித்தை, தண்டு முறுக்கிக்கொண்டால் போயிற்று. ஃபைபர் கிளாஸ் பூசிய குதிரைவில் உங்களுக்குப் போதும். அதில் அசல் இல்லை என்று குறைப்பட ஒன்றுமில்லை.

ஃபைபர் கிளாஸுக்கும் ஒரு எதிரி உண்டு, டெல்லி வெயில். மே மாதம் பூட்டிய காரின் டிக்கியில் வில்லை வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிசின் அந்தச் சூட்டில் இளகி, அடுத்த முறை இழுக்கும்போது அடுக்கு விட்டுவிடும். நாண் ஏற்ற எப்போதும் ஸ்ட்ரிங்கர் கயிறு பயன்படுத்துங்கள். காலுக்கு நடுவே விட்டு வளைத்தால் தண்டு கோணிக்கொள்ளும். மழையில் இறகு நனைந்து படுத்துவிட்டால் அம்பைத் தூக்கிப் போட வேண்டாம். இட்லிப் பானை ஆவியில் சில விநாடி காட்டித் திருப்புங்கள், இறகு மறுபடி எழுந்து நிற்கும்.

அம்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. எல்லோரும் இப்படித்தான், பணத்தையெல்லாம் வில்லில் போட்டுவிட்டுக் கிடைத்த அம்பை வாங்குகிறார்கள். நாண் தள்ளும்போது அம்பு நேராகப் போவதில்லை. மீன் போல நெளிந்து வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம்தான் நேராகிறது. அந்த நெளிவு உங்கள் வில்லுக்குச் சரியாக இருக்க வேண்டும், அதைத்தான் ஸ்பைன் என்கிறார்கள். மூன்று விரலால் இழுக்கும் வலக்கைக்காரருக்கு அம்பு தொடர்ந்து இடது பக்கம் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அம்பின் விறைப்பைத்தான், கையை அப்புறம் பார்க்கலாம். எடையும் முக்கியம். பவுண்டுக்குப் பத்து கிரெயின் என்று வைத்துக்கொண்டால் முப்பது பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம். அதைவிட ரொம்பவும் லேசான அம்பு வில்லை அடிக்கும்.

சைட் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டார்களே, பத்து மீட்டரில் நின்று பழக வேண்டும். கொஞ்ச நாள் இலக்குத் தாளே வேண்டாம். ஐந்தடி தூரத்தில் வெறும் வைக்கோல் கட்டு, கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள், உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு தூரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். எட்டு, பதினைந்து, பதினொன்று என்று ஒவ்வொரு அம்புக்கும் நகர்ந்து நின்று விடும்போது கண்ணும் கையும் தாமாகப் பேசிக்கொள்ள ஆரம்பிக்கும். நம் தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று மூங்கில் வில்லுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, 30 மீட்டரும் 50 மீட்டரும். 2010 காமன்வெல்த் போட்டியில் இதே டெல்லியில் தங்கம் வாங்கிய தீபிகா குமாரி ராஞ்சிப் பக்கத்தில் மூங்கில் வில்லில் தொடங்கியவர். கிளப்பில் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: மொட்டை மாடியிலோ சொசைட்டி பார்க்கிலோ ஒரு அம்பு கூட விடக் கூடாது. முப்பது பவுண்டு வில்லின் அம்பும் நூறு மீட்டரைத் தாண்டிப் போகும், துவாரகாவில் நூறு மீட்டருக்குள் எத்தனை பால்கனி, எத்தனை குழந்தைகள்.

கை விரிப்பை அளந்துவிட்டு எழுதுங்கள். கட்டைவிரலா மூன்று விரலா என்பதையும் முடிவு செய்து சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அம்பின் நீளமும் ஸ்பைனும் சொல்ல முடியும். அதுவரை எந்தக் கடைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.