அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஹில்லெல்’ என்பது என்ன, யூதர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஹில்லெல் யூத மாணவர்களுக்கான அமைப்பு, 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. அது தொடங்குவதற்கு முந்தைய வருடம்தான் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வெளிப்படையாகவே முயன்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இப்படி ஓர் இடம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

முதல் தடவை போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்கள். திராட்சை ரசக் கோப்பையை ஏந்தி ஆசி சொல்லி, துணியால் மூடிவைத்த இரண்டு ஹல்லா ரொட்டிகளை (சடை பின்னியதுபோல இருக்கும்) எடுத்துப் பிய்த்து, உப்புத் தொட்டு எல்லோருக்கும் தருவார்கள். அப்புறம் சாப்பாடு. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேராது, அதனால் கோழி பரிமாறும் இரவில் பால் சேர்த்த இனிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அன்று சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை ஷபாத், ஓய்வு நாள். கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் மின்சாரச் சாதனம் எதையும் இயக்க மாட்டார்கள், போனும் கிடையாது. சரி, ஹாஸ்டல் கதவு கார்டு தேய்த்தால்தான் திறக்கும் என்றால்? அங்கேதான் சிக்கல். முன்கூட்டியே பேசி சாதாரணச் சாவி வாங்கி வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் யாராவது வரும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். சனிக்கிழமைத் தேர்வுக்கும் ஆசிரியரிடம் முன்பே சொல்லி வேறு நாள் கேட்க வேண்டும். ஆனால் எல்லா யூத மாணவர்களும் இப்படி இல்லை. வெள்ளி இரவு விருந்துக்கு வந்துவிட்டு, வெளியே போனதும் போனை எடுப்பவர்களும் நிறைய.